நுரையையும் எண்ணிய பெட்டி

பிள்ளைகளே, அன்றைக்கு உங்கள் இரண்டு பேரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் மோட்டார்சைக்கிளில் ஓடினோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாமாவின் வள்ளம் கடலில் நின்றுவிட்டது என்று மட்டும் அப்போது சொன்னோம். நின்றால் போய்க் கூட்டிக்கொண்டு வரலாம்தானே என்று சின்னவள் கேட்டாள். நான் மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பினேன். இப்போதும் வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் நின்றுவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எழுதுவதும் இலகுவில்லை. ஆனால் கடதாசி என் முகத்தைப் பார்த்து அழாது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஊர்காவற்றுறைக் கடையில் றேடியோ, கோயில் ஒலிபெருக்கி, வள்ளங்களில் பூட்டுகிற பேசும் செற் எல்லாம் திருத்துகிறேன். கரையை அண்டிய கடலில் போன் பிடிக்கும். நெடுந்தீவைத் தாண்டி மேற்கே போனால் போன் வெறும் ரோச்லைற். அங்கே செற் ஒன்றுதான் துணை.

அந்தச் செற் விஷயத்தில் எங்கள் கரைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லா ஊராரும் பேசுகிற சனலில் எங்கள் ஆட்கள் பேசமாட்டார்கள். மீன் எங்கே படுகிறது என்று ஒருவர் வாய் திறந்தால் அடுத்த நாள் மற்ற ஊர் வள்ளங்களும் அங்கே வலை விரித்துவிடும் என்ற பயம். ஒரு செற் எந்த இடத்தில், அதாவது எந்த அலைவரிசையில், பேசவேண்டும் என்பதைக் கிறிஸ்டல் என்ற சின்னத் துண்டு ஒன்று தீர்மானிக்கும். அதோடு ஒரு செம்புச் சுருளைச் சேர்த்து, பேசும் இடத்தைச் சற்றே தள்ளி வைத்திருந்தோம். எங்கள் வள்ளங்களும் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் இருக்கிற கரைச் செற்றும் மட்டும் ஒன்றையொன்று கேட்கும். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். சங்கம் கூடி எடுத்த முடிவு. வேலையைச் செய்துகொடுத்தவன் நான். எல்லோரும் அதை எங்கள் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தோம்.

அப்படித் தள்ளுகிற இடத்தை மயிரிழை பிசகாமல் வைக்க ஒரு கருவி வேண்டும். கடையில் பச்சை இலக்கங்கள் எரியும் பெட்டி ஒன்று இருக்கிறதே, கவுண்டர் என்று சொல்வேனே, அதுதான். மின் அலை ஒரு செக்கனில் எத்தனை தரம் ஆடுகிறது என்று எண்ணிக் காட்டும். மிக நுட்பமானது. ஆனால் அதற்குள் விடுகிற அலை அளவாய் இருக்கவேண்டும். குறைந்துபோனால் பெட்டிக்குப் பிடிபடாது. தன் சொந்த இரைச்சலையே எண்ணிக்கொண்டிருக்கும். கூடிப்போனால் வேறு கரைச்சல். கரையில் அலை பலமாய் அடித்தால் நுரை தெறிக்கும் அல்லவா, பெட்டி அந்த நுரையையும் அலை என்று எண்ணிவிடும். அளவைக் குறைக்க அதன் முகத்தில் ஒரு பொத்தான் உண்டு. உப்புக் காற்றில் அது இறுகிப் போய்க் கனகாலம். அதனால் ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் அலையைத் தணிக்கிற சில தடைகளை ஈயம் வைத்து ஒட்டி, அதன் வழியாகத்தான் அலையை உள்ளே விடுவேன்.

அது தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று இறுகிய காலம். எங்கள் கரையில் செற் பூட்டிய மற்ற வள்ளங்கள் எல்லாம் தொழிலுக்காக முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி அடித்துத் தங்கியிருந்தன. மாமியின் உடம்புக்குச் சுகமில்லாததால் மாமா மட்டும் போகாமல் இங்கேயே நின்றார். அவரும் அவரோடு தொழிலுக்குப் போகிற புளியங்கூடல்காரரும் முதல்நாள் பின்னேரம் நெடுந்தீவுக்கு மேற்கே வலை போடப் போனார்கள். காலையில் திரும்பவில்லை.

சங்கத் தலைவர்தான் போன் எடுத்தார். அவர் குரலை நான் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

“ஐசே, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன். செற் புகைஞ்சு போச்சு. அவன் கூப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை புகைஞ்சு போச்சு.”

நடந்தது இதுதான். மாமாவின் குரல் மெல்லியதாய் வந்திருக்கிறது. எஞ்சின் நின்றது, நங்கூரக் கயிறு அறுந்தது, தண்ணீர் ஏறுகிறது என்று சொல்லியிருக்கிறார். கரையிலிருந்து சொல்வது அவருக்குச் சரியாய்க் கேட்கவில்லை. பற்றரி பெலன் காணாது என்று நினைத்த தலைவர், பக்கத்தில் நின்ற லொறியின் பற்றரியையும் இழுத்துவந்து இரண்டையும் ஒன்றோடொன்று தொடுத்துக் கொழுவியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு எதிலும் பெலன் கூடவேண்டும். செற் தாங்கவில்லை.

கடையில் என் சொந்தச் செற் ஒன்று இருந்தது. அதையும் ஈயம் ஒட்டுகிற கோலையும் பையில் போட்டேன். கவுண்டரை உங்கள் அம்மா பிள்ளையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். பால்மாப் பேணி மேசையிலேயே கிடந்தது. சங்கக் கட்டடத்தில் பெட்டியைத் திறந்த பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது.

என் செற் எல்லா ஊரும் பேசுகிற இடத்தில் பேசுவது. ஆனால் அதில் கேட்பதற்கு மட்டும் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகினால் சற்றுத் தள்ளியிருக்கிற குரலையும் பிடிக்கலாம். அன்ரனாவைக் கொழுவிவிட்டு அந்தக் குமிழை ஒரு பக்கமாய்த் திருகிக்கொண்டே போனேன். இரைச்சலுக்குள் இருந்து மாமா வந்தார்.

“கரை, கரை. ஆரும் கேக்கிறியளே? தண்ணி ஏறுது. ஆரும் கேக்கிறியளே?”

மாமி அந்த மேசையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். “கேக்குதப்பா, எல்லாம் கேக்குது” என்று ஒலிபெருக்கியின் துளைகளைப் பார்த்துச் சொன்னாள். நான் மைக்கின் பொத்தானை அமத்திக் கூப்பிட்டேன். என் குரல் வேறு இடத்தால் போயிற்று. நான் பேசி முடித்ததும் அவர் அதே கேள்வியை அதே தொனியில் திரும்பக் கேட்டார்.

அதைவிடக் கொடுமையான நிலை ஒன்றை நான் அறியேன். ஒரு மனிதன் கிணற்றுக்குள் நின்று கூப்பிடுகிறான், நாங்கள் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறோம், அவனுக்கு எங்கள் தலை தெரியவில்லை. அப்படித்தான் இருந்தது. கடற்படைக்கு ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். எந்தப் பக்கம் தேடுவது என்று கேட்டார்களாம். வலை போட்டது மேற்கே என்று சொல்லியிருந்தார்கள். காற்றும் நீரோட்டமும் இரவு முழுக்க எங்கே கொண்டுபோயிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவரிடம் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு என் செற் அவர் பேசுகிற அலைவரிசைக்கு நகரவேண்டும்.

கிறிஸ்டலோடு சுருளை ஒட்டினேன். இனிச் சின்னத் திருகாணி ஒன்றைத் திருகித் திருகி, கவுண்டரில் எங்கள் இலக்கம் வரும்வரை கொண்டுபோகவேண்டும். இலக்கம் எனக்கு மனப்பாடம். முதலில் கவுண்டரின் வயரைக் கிறிஸ்டலில் நேராய்த் தொட்டேன். அங்கே ஆடுகிற அலை நோஞ்சான். வயர் பட்டதும் ஆட்டமே நின்றுபோயிற்று. பெட்டி ஏதோ பிதற்றியது.

பிறகு அன்ரனாவைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் ஒரு பல்ப்பைக் கொழுவினேன். பேசும்போது வெளியே போகிற பெலனைப் பல்ப் தின்னும். பல்ப்பின் காலில் இருந்து கவுண்டருக்கு வயர் இழுக்கலாம். மைக்கை அமத்தினேன். பல்ப் எரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த சனத்திடம் ஒரு பெருமூச்சு. பச்சை இலக்கங்களோ தலைகால் தெரியாமல் ஆடின. முன் இலக்கம் ஒன்றாய் நிற்கும், பின்னால் உள்ளவை ஓடும். சட்டென்று முழுதும் மாறி வேறொன்று காட்டும். அலை கூடிவிட்டது, பெட்டி நுரையை எண்ணுகிறது. கடையில் இருந்திருந்தால் கண்ட உடனே சொல்லியிருப்பேன். அங்கே எனக்கு அது ஓடவில்லை. தெரிந்தது எல்லாம் தலையை விட்டுப் போயிருந்தது.

“உம்முடைய பெட்டி வெறியிலை நிக்குது ஐசே” என்றார் தலைவர். “ஒரு சொல்லிலை நிக்குதில்லை.”

பெலன் காணாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே நோய். புகைந்த கரைச் செற்றோடு ஒரு பூஸ்ரர் இருந்தது. பெலனைப் பலமடங்காக்குகிற பெட்டி. அதைக் கொழுவச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் வேறு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. கொழுவினேன். பல்ப் வெள்ளையாய் மின்னி வெடித்தது. மாமி காதைப் பொத்திக்கொண்டாள். உங்கள் அம்மா வெளியே போய் எங்கள் மோட்டார்சைக்கிளின் முன் விளக்கைக் கழற்றி அந்தப் பல்ப்பைக் கொண்டுவந்து தந்தாள். பூஸ்ரரையும் அவளே பிடுங்கி ஒரு மூலையில் வைத்தாள். மாமா அவளுடைய ஒரே தம்பி. அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாய் இருந்தது.

ஆடுகிற இலக்கங்களுக்கு நடுவே ஒன்றை நம்பித் திருகாணியை வைத்தேன். அன்ரனாவைக் கொழுவிக் கூப்பிட்டேன். மறுமொழி இல்லை. வேறொன்றை நம்பினேன். திரும்பக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் அன்ரனாவைக் கழற்றவேண்டும், பல்ப்பைப் பூட்டவேண்டும், அந்த நேரம் முழுக்க அவர் என்ன சொல்கிறார் என்று எங்களுக்குக் கேட்காது. அன்ரனாவைத் திரும்பக் கொழுவும்போது குரல் இருக்குமோ இராதோ என்று எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். இருக்கும். முன்னதைவிடச் சிறுத்திருக்கும். அவருடைய பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருமுறை கொழுவியபோது அவர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டிருந்தார்.

“கேக்கிறியளோ இல்லையோ, சொல்லுறன். பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வரேக்கை றோட்டிலை வச்சு ஒருத்தரும் சொல்லிப்போடாதேங்கோ. வீட்டை கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கோ.”

நான் கவுண்டரைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று நினைத்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆண்டவரே, என்னை ஏன் இந்த வேலையைப் படிக்கவைத்தீர் என்று மனதுக்குள் கேட்டேன். திரும்ப அன்ரனாவைக் கழற்றப் போனேன். மாமி என் கையைப் பிடித்துவிட்டாள்.

“அண்ணை, கழட்டாதேங்கோ. அவர் விடைபெறுறார். அவரின்ரை குரலையாவது விடுங்கோ.”

கையை விடு பிள்ளை என்றேன். அவள் விடவில்லை. நான் இழுத்தேன். அன்ரனா கழன்றது, பல்ப்பைப் பூட்டி மைக்கை அமத்தினேன். அவள் மறுபடியும் என் முழங்கையைப் பிடித்து உலுக்கியதில், பல்ப்பின் காலில் கொழுவியிருந்த கவுண்டர் வயர் தெறித்து மேசையில் விழுந்தது. செற்றின் திறந்த வயிற்றுக்குப் பக்கத்தில், ஒன்றிலும் முட்டாமல் கிடந்தது.

இலக்கங்கள் நின்றன.

ஆட்டம் இல்லை. கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடி ஒன்று குறைந்து மெல்ல மூச்சு விட்டது, நல்ல அளவில் வருகிற அலைக்கு அது அப்படித்தான் செய்யும். முட்டாமல் கிடந்த வயருக்குக் காற்றால் வந்து சேர்ந்த அந்தக் கொஞ்சமே பெட்டிக்குப் போதுமாய் இருந்தது. அவ்வளவு நேரமும் நான் அதன் வாய்க்குள் கடலையே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வயரைத் தொடவேண்டாம் என்று எல்லோருக்கும் சொன்னேன். மேசையைக்கூடத் தொடவேண்டாம் என்றேன். அம்மா மாமியை அணைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நான் வைத்திருந்த இடம் எங்கள் இடத்திலிருந்து எவ்வளவோ எட்டத்தில் இருந்தது. திருகாணியைத் திருகினேன். பச்சை இலக்கங்கள் ஒவ்வொன்றாய் ஏறின. கொஞ்சம் கூடிப்போயிற்று. திரும்ப இறக்கினேன். எங்கள் இலக்கம் வந்து நின்றது. அன்ரனாவைக் கொழுவி, மாமாவை வீட்டில் கூப்பிடுகிற பெயரால் கூப்பிட்டு, கேட்குதா என்றேன்.

இரைச்சல். வெறும் இரைச்சல். திரும்பவும் கூப்பிட்டேன். யாரோ ஒருவர் செபமாலை சொல்லத் தொடங்கினார்.

“அத்தான்,” என்றது செற். “நித்திரையே கொண்டனீங்கள்?”

சனம் சிரித்தது, பிள்ளைகளே. சிரித்துக்கொண்டே அழுதது. தலைவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். எனக்குச் சிரிக்க நேரமில்லை. பற்றரி போகிறது, கேட்பதற்கு மட்டும் மறுமொழி சொல் என்றேன். தலைவர் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினார்.

“எத்தினை பாகம், அடியிலை என்ன கிடக்கு எண்டு கேளும்.”

எங்கள் கடலில் கரை தெரியாத இடத்தில் இடம் பிடிப்பது அப்படித்தான். ஈயக் குண்டின் அடியில் சவர்க்காரம் அப்பிக் கயிற்றில் இறக்குவார்கள். கயிறு எத்தனை பாகம் ஆழம் என்று சொல்லும், விரித்த இரண்டு கைகளின் நீளம் ஒரு பாகம். சவர்க்காரத்தில் ஒட்டி வருகிற சேறோ மணலோ சாதாளைப் புல்லோ அடிநிலத்தைச் சொல்லும். மாமா இவ்வளவு நேரமும் அதைச் செய்யவில்லை. யாருக்குச் சொல்ல என்று விட்டிருப்பார். நாங்கள் காத்திருந்தோம். அவர் குண்டை இறக்கி ஏற்றுகிற நேரம் ஒரு யுகம்போல இருந்தது.

“ஆறு பாகம். கறுத்தச் சேறு. உடைஞ்ச சிப்பியும் வருது. சாதாளை ஒண்டும் இல்லை.”

தலைவர் கண்ணை மூடினார். அவருடைய உதடு மட்டும் அசைந்தது. காற்று எந்தப் பக்கத்தால் முகத்தில் படுகிறது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். மாமா சொன்னார்.

“எழுவைதீவுக்கு வடக்காலை போயிட்டாங்கள்” என்றார் தலைவர். “மேற்கிலை தேடிப் பிரியோசனம் இல்லை.”

அவர் சொல்லச் சொல்ல அம்மா எழுவைதீவுக்குப் போன் போட்டாள். கடற்படைக்கும் அறிவித்தார்கள். நான் மைக்கை மாமியின் கையில் வைத்து, அமத்திப் பேசு என்றேன். அவள் அமத்தினாள். பேச்சு வரவில்லை. அவளுடைய மூச்சு மட்டும் போயிருக்கும். விரலை எடுத்தபோது மாமாவின் குரல் நூல்போல வந்தது.

“ஆர், நீரே?”

“ஓம்” என்றாள் மாமி.

அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த ஓம் அவருக்குக் கேட்டதோ இல்லையோ எங்களுக்குத் தெரியாது. குமிழை எவ்வளவு திருகியும் இரைச்சல்தான். அவர்களுடைய பற்றரி முடிந்ததா, வள்ளம் முடிந்ததா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

நாங்கள் எல்லோரும் துறையடிக்குப் போனோம். சோளகம் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது. மாமாவின் மகளை, உங்கள் மச்சாளை, பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ வேறு வழியால் கூட்டிப்போய்விட்டார்கள். மாமா கேட்டபடி றோட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெயில் சாய்ந்தது. அம்மா கல்லில் இருந்து கடலைப் பார்த்தபடியே இருந்தாள். தண்ணீர் குடி என்று போத்தலை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. நான் கிட்டப் போய் இருந்தேன். ஆறு பாகம் என்று நான் சரியாய்க் கேட்டேனா, அல்லது ஏழா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவளிடம் கேட்கப் பயமாய் இருந்தது.

பொழுது படப்போகிற நேரம் எழுவைதீவு வள்ளங்கள் இரண்டு வந்தன. பின்னாலே மாமாவின் வள்ளம் தண்ணீர் நிரம்பியபடி இழுபட்டு வந்தது. முன்வள்ளத்தில் மாமாவும் புளியங்கூடல்காரரும் கிடந்தார்கள். இருவரும் உயிரோடு இருந்தார்கள். வாளி பிடித்து இறைத்து இறைத்து உள்ளங்கைத் தோல் போயிருந்தது. மாமா எழும்பப் பார்த்தார், ஏலாமல் போயிற்று. மாமி வள்ளத்துக்குள் இறங்கி அவருடைய காலடியில் இருந்துகொண்டாள்.

எழுவைதீவுக்காரர் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார், கோபம் இல்லாமல்தான்.

“அண்ணை, காலமை எங்கடை வள்ளமும் உதிலைதான் நிண்டது. செற்றும் திறந்துதான் கிடந்தது. இவங்கள் கூப்பிட்டது எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லையே?”

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். எழுவைதீவுக்காரருக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லித் தலைவர் சத்தம்போட்டார்.

அடுத்த நாள் காலையில் மாமாவின் செற்றைக் கடைக்குக் கொண்டுபோனேன். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நாள் முழுக்க வெயிலில் வைத்தேன். பின்னேரம் கதவைச் சாத்திவிட்டு அதைத் திறந்தேன். எங்கள் கிறிஸ்டலுக்குப் பக்கத்தில் இரண்டாவது சனலுக்கான ஒரு வெறும் குழி இருந்தது. எல்லா ஊரும் பேசுகிற இடத்துக்குரிய கிறிஸ்டல் ஒன்றை எடுத்து அந்தக் குழியில் செருகினேன். அலையை அளவாக்கி, கவுண்டரில் பார்த்து, இலக்கம் சரியாய் வரும்வரை திருகாணியைத் திருகினேன். சங்கத்தில் அனுமதி கேட்கவில்லை. மாமாவிடமும் இன்னும் சொல்லவில்லை. ஒரு மெழுகுதிரித் துண்டைக் கொளுத்தி, வள்ளம் எவ்வளவு ஆடினாலும் திருகாணி அசையாதபடி அதன் தலையில் ஒரு சொட்டு விட்டேன். மெழுகு வெளுத்து இறுகும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, திரியை விரலால் நசித்து அணைத்தேன்.